முகவரியுள்ள விஷம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிழக்கு ஓரத்தில் புல்மன் என்றொரு சிறிய பல்கலைக்கழக ஊர் இருக்கிறது. மேற்கு ஓரத்தில் சியாட்டில். 2005ஆம் ஆண்டு இந்த இரண்டு ஊர்களிலிருந்தும் பசியைப் பற்றி இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. இரண்டிலும் மூளையின் அடிப்பகுதியில், ஒரே இடத்தில், ஒரே பெயர் கொண்ட நரம்புச்செல்களை விஷம் வைத்துக் கொன்றிருந்தார்கள். சியாட்டிலில் சுண்டெலிகள் சாப்பிடுவதை அடியோடு நிறுத்திவிட்டன. கூண்டில் தீனி இருந்தும் சில நாட்களில் பட்டினியால் மெலிந்து சாகும் நிலைக்கு வந்தன. புல்மனில் கதை தலைகீழ். அந்த ஆய்வகத்தில் விஷம் ஏற்றப்பட்ட எலிகள் அளவுக்கு மீறித் தின்று பருத்தன.

இரண்டுமே கவனமாக வேலை செய்யும் ஆய்வகங்கள். இரண்டு முடிவுகளையும் வைத்துக்கொண்டு யார் சரி என்று கேட்கத் தோன்றும். இருவருமே சரி. எப்படி என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. புரிந்த பிறகு, பசியைப் பற்றி நான் வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் நின்று யோசித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

மருத்துவக் கல்லூரியில் உடலியல் பாடம் நடத்துகிறேன். மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் பற்றிய வகுப்பு வரும்போதெல்லாம் ஒரு படம் வரைவோம். நடுவில் ஒரு வட்டம், அது திருப்தி மையம். இரு பக்கமும் இரண்டு வட்டங்கள், அவை பசி மையம். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவார்கள். அந்தப் பதில் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுபது வருடத்துக்கு முந்தைய அறிவை அதன் பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஒப்பிக்க வைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்தப் படத்தின் பின்னால் பெரிய உழைப்பு உண்டு. 1940இல் ஹெதரிங்டன், ரான்சன் இருவரும் எலியின் ஹைப்போதலாமஸில் மெல்லிய மின்கம்பியை இறக்கி, நடுப்பகுதியைச் சுட்டார்கள். எலிகள் கொழுத்தன. 1951இல் யேல் பல்கலைக்கழகத்தில் பால்கிருஷ்ண ஆனந்த், ஜான் புரோபெக்கோடு சேர்ந்து பக்கவாட்டுப் பகுதியைச் சுட்டார். எலிகள் தீனியைத் தொடவே இல்லை. அந்த ஆனந்த்தான் பிறகு டெல்லி எய்ம்ஸில் உடலியல் துறையை உருவாக்கியவர். உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் இருக்கும் பசி மையத்தைக் குறித்துக் காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர் என்பதை எந்த வகுப்பிலும் நான் சொல்லாமல் விடுவதில்லை.

சிக்கல் அந்த முறையில் இருக்கிறது. மின்சாரத்துக்கு ஆள் தெரியாது. கம்பியின் முனையைச் சுற்றி என்ன இருந்தாலும் வெந்துவிடும். அங்கே குடியிருக்கும் நரம்புச்செல்களும் போகும். எங்கிருந்தோ கிளம்பி வேறெங்கோ போகிற வழியில் அந்த இடத்தைக் கடக்கும் நரம்பிழைகளும் அறுந்துபோகும். 1971இல் ஸ்வீடனில் உங்கர்ஸ்டெட், டோபமீன், நார்அட்ரினலின் என்ற நரம்புச் செய்திப்பொருள்களைச் செய்யும் செல்களுக்குள் மட்டும் புகுந்து கொல்லும் ஒரு வேதிப்பொருளைக் கொண்டு, ஹைப்போதலாமஸின் பக்கவாட்டை ஒட்டிக் கடந்து போகும் டோபமீன் இழைகளை மட்டும் அழித்தார். அந்த எலிகளும் சாப்பிடுவதையும் குடிப்பதையும் விட்டுவிட்டன. அதாவது, பசி மையம் அழிந்ததால் வந்தது என்று நினைத்ததில் பெரும்பங்கு, அந்த வழியே போய்க்கொண்டிருந்த இழைகள் அறுந்ததால் வந்தது.

அதற்கு முன்பே சில விஷங்கள் கண்ணில் பட்டிருந்தன. தங்கம் சேர்ந்த ஒரு குளுக்கோஸ் கூட்டுப்பொருளை ஊசியில் ஏற்றினால் சுண்டெலி பருக்கும் என்று 1949இல் கண்டார்கள். பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்கு அஜினமோட்டோ என்று நாம் சொல்லும் மோனோசோடியம் குளுட்டமேட்டை அதிக அளவில் செலுத்தினால் ஹைப்போதலாமஸின் அடியிலுள்ள ஆர்குவேட் என்ற சிறு பகுதியில் செல்கள் செத்து, வளர்ந்தபின் குட்டிகள் பருக்கின்றன என்று 1969இல் ஜான் ஓல்னி காட்டினார். (சமையலில் போடும் சிட்டிகைக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். அது குட்டிகளுக்குத் தோலடியில் போட்ட ஊசி, அளவும் வேறு.) இந்த விஷங்கள் ஏதோ ஒரு வகையில் செல்களைப் பொறுக்கிக் கொன்றன. ஆனால் எதைப் பொறுக்க வேண்டும் என்பது நம் கையில் இல்லை.

நம் கையில் வந்தது செடிகளின் புண்ணியத்தில்.

ஆமணக்கு விதையில் ரிசின் என்ற புரதம் இருக்கிறது. நம் ஊரில் குழந்தைகள் பொறுக்கி விளையாடும் குன்றிமணியில் அப்ரின் இருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பம், இரண்டும் கொடிய விஷம். குன்றிமணியை முழுசாக விழுங்கிய குழந்தை பல நேரம் தப்பிவிடும், ஏனென்றால் அதன் தோல் கடினமானது, செரிக்காமல் வெளியேறிவிடும். கடித்து உடைத்தாலோ துளையிட்டிருந்தாலோ ஆபத்து. இந்தப் புரதங்கள் இரண்டு துண்டுகள் சேர்ந்தவை. ஒரு துண்டு செல்லின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு மற்றதை உள்ளே கொண்டுபோகிறது. உள்ளே போகும் துண்டுதான் கொலையைச் செய்வது.

அது எப்படிக் கொல்கிறது என்பதை 1987இல் ஜப்பானில் எண்டோ, சுருகி இருவரும் கண்டுபிடித்தார்கள். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் நீண்ட ஆர்என்ஏ இழை ஒன்று இருக்கிறது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட இழை. அதில் குறிப்பிட்ட ஒரே ஒரு இடத்திலுள்ள அடினினை மட்டும் இந்த விஷம் கிள்ளி எடுக்கிறது. அவ்வளவுதான். அந்த ரைபோசோம் இனி புரதம் செய்யாது. விஷ மூலக்கூறு அதை விட்டு அடுத்த ரைபோசோமுக்குப் போகிறது. ஒரே மூலக்கூறு நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் முடக்கும். புரதம் செய்ய முடியாத செல் சில நாட்களில் சாகிறது.

ஐரோப்பாவில் சப்போனேரியா என்றொரு செடி உண்டு. வெளிர்சிவப்புப் பூ. அதன் வேரையும் இலையையும் கொதிக்க வைத்து, நுரைக்கும் அந்த நீரில் துணி துவைத்தார்கள். அதன் விதையிலிருந்து இத்தாலியின் பொலோனியாவில் ஃபியோரென்சோ ஸ்டிர்பேயின் குழு 1983இல் பிரித்தெடுத்த புரதம்தான் சாப்போரின். ரிசினின் கொலைத் துண்டு செய்யும் அதே வேலையைச் செய்கிறது. ஆனால் செல்லுக்குள் அழைத்துப் போகும் துணைத்துண்டு இதற்கு இல்லை. தனியாக விட்டால் செல்லின் வாசலிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். இதுதான் ஆராய்ச்சியாளர்களுக்குக் கிடைத்த வரம். கடிதத்துக்கு முகவரி எழுதுவதுபோல, இந்த விஷத்துக்கு நாமே முகவரி ஒட்டலாம்.

1991இல் ரொனால்ட் வைலியும் டக்ளஸ் லாப்பியும் அதை மூளையில் செய்து காட்டினார்கள். ஏற்பி என்பது குறிப்பிட்ட ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ள செல்லின் மேல் இருக்கும் புரதம். நரம்பு வளர்ச்சிக் காரணியின் ஏற்பியைப் பிடிக்கும் ஓர் ஆன்டிபாடியோடு சாப்போரினைக் கோத்தார்கள். அந்த ஏற்பி உள்ள செல்கள் மட்டும் செத்தன. பிறகு ஆன்டிபாடிக்குப் பதில், நரம்புச்செல்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் சிறு புரதத் துண்டுகளான நியூரோபெப்டைடுகளையே முகவரியாக்கும் யோசனை வந்தது. செல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் பல பெப்டைடு ஏற்பிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. தனக்குரிய பெப்டைடு வந்து ஒட்டியதும் அதையும் இழுத்துக்கொண்டு செல்லுக்குள் போய்விடும். பெப்டைடின் வாலில் சாப்போரின் தொங்கிக்கொண்டிருந்தால் அதுவும் உள்ளே போகும். 1997இல் பேட்ரிக் மான்டியின் குழு சப்ஸ்டன்ஸ்-பி என்ற பெப்டைடோடு சாப்போரினைச் சேர்த்து எலியின் தண்டுவடத்தில் செலுத்தியது. எலிகளின் சாதாரண வலி உணர்வு அப்படியே இருந்தது, காயத்துக்குப் பின் கூடிக்கொண்டே போகும் மிகைவலி மட்டும் குறைந்தது. அதே விஷத்தைக் கொண்டு 2001இல் ஜாக் ஃபெல்ட்மன் குழு மூச்சின் தாளத்தை நடத்தும் செல்களை அடையாளம் காட்டியது. வலிக்கும் மூச்சுக்கும் செய்ததைப் பசிக்கும் செய்து பார்க்கலாம் என்று தோன்றுவது இயல்புதானே.

பசிக்கு எந்த முகவரி? 1982இல் ஸ்டாக்ஹோமில் டாட்டெமோட்டோ, விக்டர் முட் இருவரும் பன்றி மூளையிலிருந்து 36 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடைப் பிரித்தார்கள். நியூரோபெப்டைடு ஒய் என்று பெயர். அதை மூளைக்குள் செலுத்தினால் வயிறு நிறைந்த எலியும் திரும்பப் போய்த் தின்றது. இதைவிட வலுவாகப் பசியைத் தூண்டும் பொருள் அப்போது தெரிந்திருக்கவில்லை. அப்படியானால் இதற்கான மரபணுவையே நீக்கிவிட்டால்? சியாட்டிலில் ரிச்சர்ட் பால்மிட்டரின் ஆய்வகம் அதைச் செய்து 1996இல் வெளியிட்டது. அந்தச் சுண்டெலிகள் வழக்கம்போலச் சாப்பிட்டு, வழக்கம்போல வளர்ந்தன. அன்று இந்தத் துறையில் இருந்தவர்களுக்கு அது பேரிடியாக இருந்திருக்கும். கருவிலிருந்தே ஒன்று இல்லாமல் போனால், வளரும் மூளை அது இல்லாமலே சமாளிக்கக் கற்றுவிடுகிறதோ? அப்படியானால் வளர்ந்த விலங்கில், மூளை முழுசாக உருவான பிறகு, செல்லையே நீக்கிப் பார்க்க வேண்டும்.

புல்மனில் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சூ ரிட்டரின் குழு கையிலெடுத்தது நியூரோபெப்டைடு ஒய்-சாப்போரினை.

ஆராய்ச்சி மாணவராக இருந்த காலத்தில் ஸ்டீரியோடாக்ஸிக் சட்டகத்தின் முன் பல மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் இந்த வேலை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்ல முடியும். மயக்கத்திலிருக்கும் எலியின் இரு காதுத் துளைகளிலும் உலோகக் கம்பிகளை மெதுவாக நுழைத்துத் தலையை அசையாமல் நிறுத்த வேண்டும். முன்பற்களைச் சிறு கம்பியில் மாட்ட வேண்டும். தோலை விலக்கியதும் மண்டையோட்டு எலும்புகள் கூடும் இடத்தில் மெல்லிய கோடுகள் தெரியும். அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் பின்னால், எத்தனை பக்கவாட்டில், எத்தனை ஆழம் என்று கணக்கிட்டு, தீயில் இழுத்து மயிரிழையாக்கிய கண்ணாடிக் குழாயை இறக்க வேண்டும். செலுத்துவது ஒரு மைக்ரோலிட்டரில் சிறு பகுதி. அதையும் நிமிடக்கணக்கில் மெதுவாகத்தான் தள்ள வேண்டும். முடிந்தவுடன் குழாயை எடுத்துவிடக் கூடாது. உடனே எடுத்தால் திரவம் குழாய் வந்த வழியிலேயே மேலேறி, கொல்லக் கூடாத செல்களைக் கொன்றுவிடும். கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இன்னொரு கூட்டம் எலிகளுக்கு இதே அறுவை, இதே இடம், இதே சாப்போரின், ஆனால் எந்த ஏற்பிக்கும் பொருந்தாத ஒரு வெற்றுப் பெப்டைடோடு கோத்தது. முகவரி இல்லாத விஷம் என்ன செய்கிறது என்று தெரியாமல் முகவரி உள்ளதைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. பிறகு செல்கள் சாகும்வரை வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும்.

அப்படிப் பொறுத்திருந்து ரிட்டரின் குழு பார்த்தபோது, ஆர்குவேட் பகுதியில் நியூரோபெப்டைடு ஒய் செய்யும் செல்கள் பெரிதும் போய்விட்டிருந்தன. அதே செல்கள் செய்யும் ஏஜிஆர்பி என்ற இன்னொரு பசித்தூண்டியும் போயிருந்தது. கூடவே, பசியை அடக்கும் ஆல்ஃபா-எம்எஸ்எச் என்ற பெப்டைடும் குறைந்திருந்தது. அதைச் செய்யும் பிஓஎம்சி செல்கள் பக்கத்திலேயே இருப்பவை. அவற்றின் மேலும் நியூரோபெப்டைடு ஒய்யின் ஏற்பிகள் உண்டு.

தொடக்கத்தில் சொன்ன முரணுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. சாப்போரினுக்குக் கொடுத்த முகவரி ஓர் ஏற்பி. அந்த ஏற்பி யாரிடம் இருக்கிறதோ அவர்கள் எல்லாருக்கும் விஷம் போய்ச் சேர்ந்தது. பசியைத் தூண்டும் செல்லும் செத்தது, அடக்கும் செல்லும் செத்தது. மூளைக்குள் கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோனைச் செலுத்தியபோது எலிகளின் தீனி குறைய வேண்டிய அளவு குறையவில்லை. வயிற்றிலிருந்து வரும் கிரெலின் என்ற ஹார்மோனைச் செலுத்தியபோது கூட வேண்டிய அளவு கூடவில்லை. கொழுப்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது, வயிறு எவ்வளவு காலி என்ற இரண்டு செய்திகளையும் வாங்கும் இடம் பழுதாகிவிட்டது. அடக்கும் கை இல்லாத எலிகள் கூடுதலாகத் தின்றன. அந்த எலிகளின் பெருந்தீனியையும் உடற்பருமனையும் பற்றியே அதே ஆய்வகம் 2008இல் தனியாக ஒரு கட்டுரை எழுதியது.

சியாட்டிலில் பால்மிட்டரின் குழு வேறு விஷத்தை எடுத்தது. தொண்டை அடைப்பான் நோயை உண்டாக்கும் டிஃப்தீரியா நச்சு. மனிதச் செல்லின் மேலுள்ள ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் அது உள்ளே நுழையும். சுண்டெலியின் அதே புரதம் சற்று மாறுபட்டது, நச்சு அதில் சரியாக ஒட்டாது. அதனால் சுண்டெலிக்கு இயல்பாகவே அந்த நச்சு பெரிதாக ஏறாது. மரபணு மாற்றத்தின் மூலம் ஏஜிஆர்பி செய்யும் செல்களில் மட்டும் மனிதப் புரதத்தை வைத்தார்கள். பிறகு சாதாரணமாக ஓர் ஊசி. உடல் முழுக்க நச்சு சுற்றினாலும் சாவது அந்தச் செல்கள் மட்டும்தான். இங்கே முகவரி ஏற்பி இல்லை, அந்தச் செல்லின் அடையாளம். பிஓஎம்சி செல்கள் தப்பித்து நின்றன. தூண்டும் கை போய், அடக்கும் கை மட்டும் இருந்தது. சுண்டெலிகள் பட்டினி கிடந்தன.

இதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த முடிவு அதுதான். பிறந்த சில நாட்களுக்குள் குட்டிகளுக்கு அந்த நச்சைக் கொடுத்து அதே செல்களைக் கொன்றபோது, அவை ஏறக்குறைய ஒன்றும் ஆகாததுபோல வளர்ந்து, சாப்பிட்டு வாழ்ந்தன. வளர்ந்த பிறகு இல்லாமல் முடியாத செல், குட்டியில் இல்லாமலே முடிகிறது. 1996இல் மரபணுவை நீக்கியும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது.

கதை அங்கேயும் முடியவில்லை. 2009இல் பால்மிட்டர் ஆய்வகத்தில் சி வூ, இந்தச் சுண்டெலிகள் ஏன் சாகின்றன என்று தோண்டினார். ஏஜிஆர்பி செல்கள் மூளைத்தண்டிலுள்ள பாராபிரேக்கியல் என்ற பகுதிக்கு காபா என்ற அடக்கு வேதிப்பொருளை அனுப்பிக்கொண்டிருந்தன. செல்கள் செத்ததும் அந்த அடக்குதல் நின்று, பாராபிரேக்கியல் பகுதி அளவுக்கு மீறிக் கிளர்ந்தது. குமட்டல், வயிற்றுக்கோளாறு போன்ற செய்திகள் வந்து சேரும் இடம் அது. காபாவின் வேலைக்குத் துணைசெய்யும் பிரெட்டாசெனில் என்ற மருந்தை அந்த இடத்தில் சில நாள் விட்டபோது சுண்டெலிகள் மறுபடி சாப்பிட்டன. பிறகு மருந்தை நிறுத்தியும் தொடர்ந்து சாப்பிட்டன. செத்த செல்கள் செத்தபடிதான் இருந்தன. அப்படியானால் அந்த விலங்குகள் பசியில்லாமல் சாகவில்லை. பசி இருந்ததா இல்லையா என்பதற்கு முன்பே, சாப்பாட்டை ஒதுக்கும் ஒரு நிலைக்குப் போய்விட்டன.

ஒரு செல்லைக் கொன்றபின் நாம் பார்ப்பது அந்தச் செல்லின் வேலையை அல்ல. அது இல்லாத மூளையின் வேலையை. இரண்டும் ஒன்றென்று எடுத்துக்கொண்டால் 1951இன் வட்டங்களையே இன்னும் சிறிதாக வரைந்துகொண்டிருப்போம்.

இன்று ஒளியைப் பாய்ச்சி நரம்புச்செல்லை ஒரு நொடியில் எழுப்பலாம், மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் உறங்க வைக்கலாம். ஏஜிஆர்பி செல்களை ஒளியால் எழுப்பினால் வயிறு நிறைந்த சுண்டெலியும் நிமிடங்களில் தின்னத் தொடங்குகிறது என்று 2011இல் ஸ்காட் ஸ்டெர்ன்சன் குழு காட்டிய பிறகு, விஷம் வைத்துக் கொல்லும் முறையைப் பழங்காலத்து வேலை என்று தள்ளுபவர்களைக் கருத்தரங்குகளில் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. மரபணு மாற்றிய விலங்கு கைவசம் இல்லாத இடத்திலும் ஒரு பெப்டைடும் சாப்போரினும் இருந்தால் கேள்வி கேட்கலாம். 2010இல் டெனிஸ் பாஸ்கின் குழு ஆக்ஸிடோசினோடு சாப்போரினைக் கோத்து, எலியின் பின்மூளையில், வயிற்றிலிருந்து வரும் செய்திகள் இறங்கும் இடத்தில் செலுத்தியது. அதன்பின் சிசிகே என்ற குடல் ஹார்மோனால் அந்த எலிகளின் தீனியை முன்போலக் குறைக்க முடியவில்லை. பிரசவத்துக்கும் தாய்ப்பாலுக்கும் மட்டும் உரியதென்று பலர் நினைக்கும் ஆக்ஸிடோசினுக்கு, போதும் என்று சொல்லும் வேலையிலும் பங்கு உண்டு என்பதற்கு அது ஒரு நேரடிச் சாட்சி.

இந்த முறைக்குக் குறைகள் உண்டு. ஏற்பி செல்லுக்குள் இழுத்துப்போனால்தான் விஷம் வேலை செய்யும். இழுத்துப்போகாத ஏற்பிகள் உள்ள செல்கள் தப்பிவிடும். அளவு கொஞ்சம் கூடினால் முகவரி இல்லாத செல்லும் விஷத்தைக் குடிக்கும். செத்த செல் திரும்பாது, அதனால் அதே விலங்கில் முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பார்க்க வழியில்லை. எலிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவை இதற்காகச் சாகின்றன. ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்காமல் ஓர் எலியைச் சட்டகத்தில் மாட்டுவது பாவம் என்று என் ஆசிரியர் சொல்வார். அந்த வார்த்தையை நான் இன்றும் அப்படியே நம்புகிறேன். வெற்றுப் பெப்டைடு கோத்த ஒப்பீட்டுக் கூட்டம் இல்லாத ஆய்வை நான் மதிப்பதில்லை. அதில் செத்த விலங்குகள் எதற்கும் விடை சொல்லாமல் செத்தவை.

எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றி இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். செமாகுளூட்டைடு போன்றவை ஜிஎல்பி-1 என்ற குடல் பெப்டைடின் ஏற்பியைப் பிடிப்பவை. குமட்டலால்தான் சாப்பாடு குறைகிறதோ என்ற சந்தேகம் நெடுநாளாக உண்டு. 2024இல் அம்பர் அல்ஹடெஃப்பின் குழு சுண்டெலிகளில் பார்த்தபோது, இந்த மருந்துகள் வேலை செய்யப் பின்மூளையிலுள்ள ஜிஎல்பி-1 ஏற்பிச் செல்கள் இருந்தாக வேண்டும் என்று தெரிந்தது. அங்கேயே, ஒன்றையொன்று ஒட்டிய இரண்டு பகுதிகளில், ஒன்றின் செல்களை எழுப்பினால் குமட்டல் இல்லாத திருப்தி வந்தது, மற்றதை எழுப்பினால் சாப்பாடு குறைவதோடு கடும் வெறுப்பும் வந்தது. ஏற்பி ஒன்றே, அதைத் தாங்கும் செல்கள் வேறு வேறு. எலிக்குச் சாப்போரின் ஏற்றிய நாளிலிருந்து கேட்டுவரும் அதே கேள்விதான் இன்றைய மருந்துக்கும்.

புல்மன் ஆய்வில் ஒரு பகுதியை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஆர்குவேட் செல்கள் செத்த அந்த எலிகளுக்கு 2-டீஆக்ஸி குளுக்கோஸ் என்ற பொருளை ஏற்றினார்கள். குளுக்கோஸைப் போலவே இருக்கும், ஓர் ஆக்ஸிஜன் மட்டும் குறைவு. செல்கள் ஏமாந்து உள்ளே எடுத்துக்கொள்ளும், ஆனால் எரிக்க முடியாது. ரத்தத்தில் சர்க்கரை இருந்தும் செல் பட்டினி கிடக்கும். ஆரோக்கியமான எலி இந்த நிலையில் பாய்ந்து சாப்பிடும், ஈரலிலிருந்து சர்க்கரையும் ரத்தத்துக்கு வரும். நியூரோபெப்டைடு ஒய் செல்கள்தான் இந்தப் பசியையும் நடத்துகின்றன என்றொரு கருத்து இருந்தது. அந்தச் செல்கள் இல்லாத எலிகளோ சற்றும் குறையாமல் சாப்பிட்டன. சர்க்கரையும் ஏறியது. லெப்டினைக் கேட்கும் பசி வேறு, குளுக்கோஸ் இல்லாமல் வரும் பசி வேறு.

அது எங்கே இருக்கிறது என்பதை ரிட்டரின் குழு 2001இலேயே இன்னொரு விஷத்தால் காட்டியிருந்தது. நார்அட்ரினலின், அட்ரினலின் செய்யும் செல்களில் டோபமீன் பீட்டா ஹைட்ராக்ஸிலேஸ் என்ற நொதி உண்டு. அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியோடு சாப்போரின். இதை ஹைப்போதலாமஸில் விட்டால், அங்கே வந்து முடியும் இழைகளின் நுனி வழியே ஏறி, பின்மூளையிலுள்ள தாய்ச்செல் வரை போய்க் கொல்லும். அந்த எலிகள் குளுக்கோஸ் பட்டினியில் சாப்பிட மறந்தன, ஆனால் சர்க்கரை ஏறியது. அதே விஷத்தைத் தண்டுவடத்தில் விட்டபோது நேரெதிர். சாப்பிட்டன, சர்க்கரை ஏறவில்லை. பின்மூளையில் அக்கம்பக்கத்தில் இருக்கும் செல்கள். ஒரு கூட்டம் மேலே போய்ச் சாப்பிடச் சொல்கிறது, இன்னொரு கூட்டம் கீழே போய் அட்ரினல் சுரப்பியை எழுப்பி, சர்க்கரையை ஏற்றுகிறது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் நினைவு வரும். பல வருடங்களாக இன்சுலின் போட்டுக்கொள்பவர். ஆரம்பத்தில் சர்க்கரை தாழ்ந்தால் அவருக்கே முதலில் தெரியும். வியர்க்கும், கை நடுங்கும், அடுக்களைக்கு வந்து "ஏதாவது குடு, பசி உயிர் போவுது" என்பார். ஒருநாள் காலை நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். அம்மா காபி கொண்டுவந்து நின்று, "என்னங்க, பேப்பர் படிக்கலையா? ஒரு மாதிரி இருக்கீங்களே" என்றார். அப்பா அவரைப் பார்த்தார், பதில் இல்லை. நெற்றியைத் தொட்டால் வியர்வை இல்லாமல் காய்ந்திருந்தது. மீட்டரில் சர்க்கரை 46. சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போய்ச் சிறிது நேரம் கழித்துக் கேட்டபோது, பசியே இல்லை என்றுதான் சொன்னார். 46இல் இருந்த ஒரு மனிதருக்குப் பசி இல்லை.

மருத்துவத்தில் இதைப் பிலிப் கிரையர் என்ற அமெரிக்க மருத்துவர் விரிவாக எழுதியிருக்கிறார். சர்க்கரை அடிக்கடி தாழ்ந்தால், தாழ்வதை எச்சரிக்கும் ஏற்பாடே மந்தமாகிவிடும். எலிகளுக்கு 2-டீஆக்ஸி குளுக்கோஸைத் திரும்பத் திரும்பக் கொடுத்து ரிட்டரின் ஆய்வகம் 2000இல் பார்த்ததும் இதைத்தான். பின்மூளைச் செல்கள் அடுத்த முறை அவ்வளவாகக் கிளரவில்லை, எலிகள் முன்போலச் சாப்பிடவில்லை. அங்கே எந்த விஷமும் போகவில்லை. இருந்த இடத்திலேயே செல்கள் குரல் அடங்கியிருந்தன.

விஷம் கொன்ற செல் திரும்பாது. ஆனால் இது திரும்பும். சில வாரங்கள் சர்க்கரை ஒரு முறைகூடத் தாழாமல் கவனமாகப் பார்த்துக்கொண்டால், பல நோயாளிகளுக்கு எச்சரிக்கை உணர்வு ஓரளவு மீண்டு வருகிறது என்று 1990களில் பல குழுக்கள் காட்டியிருக்கின்றன. அப்பாவின் மருத்துவர் இன்சுலின் அளவைக் குறைத்து, சர்க்கரையின் இலக்கைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தது அதனால்தான். அடங்கிய செல்கள் எந்த வழியில் மறுபடி விழிக்கின்றன என்பதைத்தான் இந்தத் துறையில் இப்போது நான் தேடித் தேடிப் படிக்கிறேன்.